ஆவணிக் கடைசியும் புரட்டாசியும்: காவிரி டெல்டாவில் அடுத்த சில நாள் வானிலையைப் படிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடு வரை டெல்டாவில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா, தாளடிக்கு நாற்றங்காலும் நேரடி விதைப்பும். முன்னதற்கு வெயில் வேண்டும், பின்னதற்கு ஈரம் வேண்டும். இந்தப் பருவத்தில் "மழை வருமா?" என்று கேட்டுப் பெரிய பயனில்லை. ஏறக்குறைய எல்லா வாரமும் டெல்டாவில் எங்காவது வரத்தான் செய்யும். எந்த மணிக்கு வரும், வந்தால் எந்த வேலை கெடும் என்று கேட்டால் பதில் கைக்கு உதவும்.

பகலெல்லாம் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் கொட்டித் தீர்க்கிறது. இது என்ன கணக்கு?

புரட்டாசிக்கு "பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று சொல்லி வைத்தது இதைத்தான். காய்வதும் பெய்வதும் ஒரே நாளில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையை இறக்கிவிட்டு, காய்ந்த மேலைக்காற்றாக நம் பக்கம் வருகிறது. அதனால் முற்பகலில் வானம் வெளுத்துக் கிடக்கும், தரை சூடேறும். பிற்பகலில் வங்கக் கடலிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழையும். மேலைக்காற்றும் கடற்காற்றும் முட்டும் கோட்டில் காற்று மேலே எழும்பி, ஓரிரு மணி நேரத்தில் இடிமேகமாகிவிடும். வானிலை அறிக்கையில் "வெப்பச் சலனம் காரணமாக" என்று வருவது இந்த வகை மழை.

மேலைக்காற்று மிகப் பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று கரையோடு நின்றுபோகும். நாகப்பட்டினத்திலேயே மதியம் இரண்டு மணிக்கும் மேற்கிலிருந்து அனல் வீசினால் அன்று டெல்டாவில் மழைக்கு வாய்ப்புக் குறைவு. காலையில் காற்றே அசையாமல் புழுங்கி, பத்து மணிக்குள் மேற்கே பஞ்சுப்பொதி போல் மேகம் குமியத் தொடங்கினால் மாலைக்குள் தார்ப்பாயை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும், எத்தனை மணிக்கு?

பெரும்பாலும் மேற்கிலிருந்து, பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு. பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் மாலையில் திரளும் மேகத்தை மேலடுக்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். அதனால் தஞ்சாவூருக்கு அந்தி நேரத்திலும், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் இரவு ஒன்பது பத்து மணிக்கும், நாகை, வேதாரண்யம் கரையில் நள்ளிரவை ஒட்டியும் மழை வருவது வழக்கம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 55 கி.மீ., நாகப்பட்டினம் சுமார் 140 கி.மீ. மேகக் கூட்டம் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால், திருச்சியில் ஆறு மணிக்குப் பெய்தது தஞ்சைக்கு எட்டு மணியை ஒட்டியும் நாகைக்குப் பத்தரை மணி வாக்கிலும் வர வேண்டும். வழியில் செத்துப்போவதும் உண்டு. ஒரு மேகம் கொட்டி முடித்ததும் அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று முன்னே ஓடிப் போய்ப் புது மேகத்தைக் கிளப்புவதும் உண்டு. திடீரென்று மேற்கிலிருந்து சில்லென்று காற்று அடித்தால் பெரும்பாலும் கால் மணியோ அரை மணியோதான் அவகாசம்.

"ஓரிரு இடங்களில்", "ஒருசில இடங்களில்" என்று அறிக்கையில் வருவதற்கு அளவு உண்டா?

உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு எத்தனையில் மழை பதிவாகும் என்பதே அந்தச் சொற்களின் கணக்கு. ஓரிரு இடங்கள் என்றால் 25 சதவீதம் வரை. ஒருசில இடங்கள் என்றால் 26 முதல் 50. பல இடங்கள் அல்லது அநேக இடங்கள் என்றால் 51 முதல் 75. பெரும்பாலான இடங்கள் என்றால் அதற்கு மேல்.

"தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று வந்து, பாபநாசத்தில் கொட்டி, பட்டுக்கோட்டையில் ஒரு தூறலும் விழாவிட்டால் அறிவிப்பு சரியாகவே இருந்திருக்கிறது. பட்டுக்கோட்டைக்காரர் "பொய்த்துவிட்டது" என்றும் பாபநாசத்துக்காரர் "சொன்னது சரி" என்றும் சொல்வார்கள்.

மிதமான மழை, கனமழை என்பதெல்லாம் எவ்வளவு? மஞ்சள், ஆரஞ்சு நிறம் எதற்கு?

24 மணி நேர அளவில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை இலேசான மழை. 15.6 முதல் 64.4 வரை மிதமானது. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. மிதமான மழையின் வரம்பு எவ்வளவு அகலம் என்று கவனியுங்கள்: 2 செ.மீ. பெய்தாலும் அந்தப் பெயர்தான், 6 செ.மீ. பெய்தாலும் அதே பெயர்தான். விதை போட்ட வயலுக்கு இரண்டும் ஒன்றல்ல. தவிர இந்தப் பருவத்து 4 செ.மீ. மழை பலமுறை முக்கால் மணி நேரத்தில் கொட்டிவிடும். வடிகால் திணறுவது மொத்த அளவைவிட இந்த வேகத்தால்தான்.

மஞ்சள் என்றால் அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனியுங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். நிறம் மாவட்டம் முழுவதற்கும் பூசப்படுவது. உங்கள் ஊருக்கென்று தனி நிறம் இல்லை.

நேற்று ராத்திரி பெய்த மழை இன்றைய தேதியில் வருகிறதே?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஞாயிறு இரவு பெய்தது திங்கள் காலை 8.30 மணிப் பதிவில் ஏறும்.

உங்கள் வயலில் எவ்வளவு பெய்தது என்பதை நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டப்பாவை மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேல் விட்டுப் பாருங்கள். வாய் அகன்ற வாளி பொய்க் கணக்கு காட்டும். 1 செ.மீ. மழை என்றால் ஒரு மா நிலத்தில், அதாவது 33 செண்டில், சுமார் 13,000 லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர்.

எத்தனை நாள் முன்னறிவிப்பை நம்பலாம்? செல்போன் செயலி பத்து நாளுக்கும் மழைப் படம் காட்டுகிறதே?

செயலியில் தெரிவது பெரும்பாலும் ஏதோ ஒரு கணினி மாதிரியின் நேரடி வெளியீடு. மாதிரி நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரியின் கட்டம் சுமார் 13 கி.மீ. இடிமேகத்தின் மையமோ சில கிலோமீட்டர் அகலம்தான். அதனால் வலங்கைமானிலா நீடாமங்கலத்திலா என்று எந்த மாதிரியாலும் முந்தின நாளே சொல்ல முடியாது. ஏழாம் நாள் மாலை 4 மணிக்கு மழை என்று காட்டும் படத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

மூன்று அடுக்காகப் பார்ப்பது பழகிவிட்டால் குழப்பம் குறையும். வாரக் கணக்குக்கு, காற்றின் போக்கு மாறுகிறதா என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைதோறும் வரும் நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு அதற்குப் போதும். இரண்டு மூன்று நாள் கணக்குக்குச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட அறிவிப்பு. செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரையை மேக்தூத் செயலியில் தமிழில் படிக்கலாம். அன்றைய மாலைக்கு மூன்று மணி நேர அறிவிப்பும் ரேடாரும். அறுப்பு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதை இரண்டாம் அடுக்கை வைத்து முடிவு செய்யுங்கள். காயும் நெல்லை மூடுவதா வேண்டாமா என்பது மூன்றாம் அடுக்கின் வேலை.

ரேடார் படத்தில் எதைப் பார்ப்பது?

டெல்டாவுக்குக் காரைக்கால் டாப்ளர் ரேடார் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே படத்தைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அரை மணி இடைவெளியில் இரண்டு படங்களை எடுத்து, மேகம் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். நிறக் கோலில் 40 டிபிஇசட்டுக்கு (dBZ, மேகத்திலிருந்து திரும்பும் எதிரொலியின் அளவு) மேல் இருந்தால் பலத்த மழை, 50 தாண்டினால் சூறைக்காற்றும் ஆலங்கட்டியும்கூட வரலாம்.

மேகத்தின் கிழக்கு விளிம்பு கூர்மையாகவும் நிறம் அழுத்தமாகவும் இருந்தால் அது இன்னும் வளர்கிறது. நிறம் வெளுத்துப் படர்ந்து கிடந்தால் கொட்டி முடித்துவிட்டு வெறும் தூறலோடு வருகிறது. தொலைவில், திருச்சிக்கு அப்பால் இருக்கும் மேகத்தின் அடிப்பகுதி ரேடார் கதிருக்குக் கீழே போய்விடும். ஆகவே அங்கே நிறம் குறைவாகத் தெரிவதை வைத்து ஏமாற வேண்டாம்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் நமக்கு மழைதானே?

நவம்பரில் அப்படி நினைக்கலாம். ஆவணி, புரட்டாசியில் பெரும்பாலும் நேர் எதிர். இந்தக் காலத்துத் தாழ்வுகள் ஒடிசா, வடக்கு ஆந்திரக் கரையை ஒட்டியே உருவாகும். அவை காற்றை அந்தப் பக்கம் இழுப்பதால் தமிழ்நாட்டின் மேல் மேலைக்காற்று பலமாகும், கடற்காற்று அடங்கும், டெல்டா காயும். தொலைக்காட்சியில் புயல் சின்னம் என்று அலறும் அந்த மூன்று நான்கு நாளே குறுவை அறுப்புக்கு நல்ல வாய்ப்பாக இருந்துவிடுவது உண்டு.

மாறாக, பருவமழை அச்சு, அதாவது வட இந்தியாவின் குறுக்கே கிடக்கும் தாழ்வழுத்தப் பட்டை, இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்து வட இந்தியாவில் மழை ஓய்ந்தால் நமக்கு மாலை இடிமழை கூடும். தமிழகக் கரையை ஒட்டி வளிமண்டல மேலடுக்கு சுழற்சி (உயரத்தில் காற்று சுழல்வது) என்று அறிவித்தாலும் அப்படித்தான். அப்போது மழை மாலையோடு நிற்காமல் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுப் பெய்யும்.

குறுவை அறுப்புக்கு நாள் குறிப்பது எப்படி?

கதிரில் 80 முதல் 85 சதவீத மணிகள் பழுத்ததும் அறுக்கலாம். அதற்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வயலில் ஒரு மாலை மழை விழுந்தாலும் டயர் மெஷின் இறங்காது. பெல்ட் மெஷினுக்கு வரிசையில் நிற்க வேண்டும், வாடகையும் கூடுதல்.

பனி ஈரம் உலர்ந்த பின் காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடிப்பதாக இயந்திரக்காரரிடம் பேசுங்கள். வெப்பச் சலன மழை மட்டும் சொல்லியிருந்தால், நிமிர்ந்து நிற்கும் பயிரைப் பற்றிப் பதற வேண்டாம். ஒரு மாலை மழையை அது தாங்கும், மறுநாள் மதியத்துக்குள் உலர்ந்துவிடும். மேலடுக்கு சுழற்சியால் தொடர்ந்து மூன்று நாள் மழை என்று வந்தால், 80 சதவீதம் பழுத்திருந்தாலே அறுத்துவிடுவது மேல். காற்றோடு மழை வந்தால் பயிர் சாயும். ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால ரகங்களில் விதை உறக்கம் குறைவு என்பதால் சாய்ந்து தண்ணீரில் கிடக்கும் கதிர் சில நாளிலேயே முளைக்கத் தொடங்கும். சாய்ந்த வயலில் முதல் வேலை, வரப்பை வெட்டித் தண்ணீரை வடிப்பது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்புகிறார்கள். வானிலையைப் பார்த்து என்ன செய்யலாம்?

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். இயந்திரத்தில் அறுத்த குறுவை நெல் 20 முதல் 24 வரை இருக்கும். மழை கடுமையான ஆண்டுகளில் மத்தியக் குழு வந்து பார்த்துத் தளர்வு தருவது உண்டு. அதை நம்பிக் களத்தில் காத்திருக்கக் கூடாது.

22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல் 17க்கு வரும்போது ஏறக்குறைய 94 கிலோவாகும். காயப்போடும்போது இரண்டு அங்குல கனத்துக்கு மேல் பரப்பாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிடுங்கள். இந்தப் பருவத்தில் காயவைக்கக் கிடைப்பது காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரைதான். மூன்று மணிக்கு மேற்கே கறுத்தால் குவித்துவிட வேண்டும்.

நெல் கெடுவது பெரும்பாலும் அடியில் ஊறித்தான். மேலே மட்டும் படுதா போட்டால் போதாது. மேட்டில் குவித்து, அடியில் ஒரு தார்ப்பாய் விரித்து, சுற்றி அரை அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். மேல் தார்ப்பாய் நெல்லோடு ஒட்டாமல் குறுக்கே நாலைந்து மூங்கில் வைத்து இடைவெளி விடுங்கள். ஈர நெல்லை இறுக மூடி ஒரு ராத்திரி வைத்தால் உள்ளே சூடேறி, மணி பழுப்பாகும். மழை விட்டதும் நடு ராத்திரியானாலும் ஓரத்தைத் தூக்கிவிடுவது நல்லது.

பயிர் பூத்து நிற்கிறது. மழை பெய்தால் பதராகிவிடுமா?

நெல் பூ திறப்பது பெரும்பாலும் காலை ஒன்பது முதல் பதினொன்று வரை. மாலை மழை அதைத் தொடாது. சுழற்சி காரணமாக முற்பகலில் மழை பிடித்தால்தான் மகரந்தம் நனைந்து பதர் கூடும். அதை மருந்தால் தடுக்க முடியாது. தொடர்ந்து ஈரமும் மேகமூட்டமும் இருந்தால் நெற்பழ நோய் வரும். முன்பு இந்த நோயைப் பார்த்த வயலென்றால், கண்ணாடி இலைப் பருவத்தில் ஒன்றும் பாதி பூத்தபோது ஒன்றுமாக புரோபிகோனசோல் 25 இ.சி. ஏக்கருக்கு 200 மி.லி. தெளிக்கலாம். மாலையில் தெளியுங்கள், பூ திறக்கும் நேரத்தில் வேண்டாம். பழம் கட்டிய பிறகு தெளிப்பது வீண் செலவு.

சம்பாவுக்குப் புழுதியில் விதைக்கலாமா, மழைக்குக் காத்திருக்கலாமா?

புழுதி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ விதை பிடிக்கும். இதில் பெரிய எதிரி அரைகுறை மழை. அரை செ.மீ. பெய்து விதை கண் விழித்து, அடுத்த பத்து நாள் வெயிலடித்தால் முளை கருகும். விதையை 1 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்குக் காயவைத்துப் போட்டால் வறட்சியைக் கொஞ்சம் தாங்கும். ஆற்றுத் தண்ணீர் ஒரு நனைப்புக்காவது கிடைக்கும் இடம் என்றால் முன்கூட்டி விதைக்கலாம். வானத்தை மட்டும் நம்பிய கடைமடை என்றால் சுழற்சி அறிவிப்புக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு.

சேற்றில் முளைகட்டிய விதை போடுவதற்கு எதிர்க் கவலை. விதைத்த ராத்திரியே கொட்டினால் விதை பள்ளப் பக்கம் ஒதுங்கிவிடும். முளை சேற்றில் கால் ஊன்றும் வரை முதல் இரண்டு நாள் மழையில்லாத நாளாகப் பாருங்கள். தாழ்வான வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1 போன்ற மூழ்கல் தாங்கும் ரகம் பொருத்தம்.

உரம், மருந்து?

யூரியாவைக் காலையில் போடுங்கள், அன்று மாலை கனமழை சொல்லியிருந்தால் தள்ளிவையுங்கள். வயலில் தண்ணீர் தளும்பும்போது போட்டால் மடை வழியே பக்கத்து வயலுக்குத்தான் உரம். இலை வழி மருந்துக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் மழையில்லாத இடைவெளி தேவை. இந்தப் பருவத்தில் அது காலை ஏழு முதல் பத்து வரை தெளித்தால் கிடைக்கும். பூக்கும் வயலுக்கு மட்டும் மாலை என்பதால் அன்று ரேடாரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வயலில் இருக்கும்போது இடி இடித்தால்?

டெல்டாவின் வெட்டவெளியில் நிற்கும் ஆள்தான் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேலையை நிறுத்திவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும். பனை, தென்னை மரத்தடியும் மோட்டார் கொட்டகை வாசலும் ஒதுங்கும் இடமல்ல. கான்கிரீட் கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் இருக்கலாம். நடவு ஆட்கள் கூட்டமாக நிற்காமல் தள்ளித்தள்ளி நகர வேண்டும். தாமினி செயலி 20, 40 கி.மீ. சுற்றளவில் விழும் மின்னலைக் காட்டும்.

நம் ஊரில் மழையே இல்லை. கொள்ளிடத்தில் வெள்ள எச்சரிக்கை ஏன்?

அந்தத் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்தது. கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்தால் மேட்டூருக்கு வரும். மேட்டூர் 120 அடியை, அதாவது 93.47 டி.எம்.சி.யைத் தொட்டுவிட்டால் வருவது அப்படியே வெளியே போகும். முக்கொம்பில் உபரி கொள்ளிடத்துக்குத் திருப்பப்படும். 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி முக்கொம்பு கொள்ளிடம் கதவணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதும் இப்படிப்பட்ட உபரி நாட்களில்தான்.

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். ஆறு ஏற்கெனவே நிறைந்து ஓடினால் இன்னும் சீக்கிரம். ஆகவே படுகையில் வாழையோ கரும்போ வைத்திருப்பவர்களும் ஆடுமாடு கட்டியிருப்பவர்களும் உள்ளூர் வானிலையைவிட மேட்டூர் நீர்வரத்தைத்தான் தினமும் பார்க்க வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

ஈசல், எறும்பு, தும்பி?

ஈசல் கிளம்புவதும் எறும்பு முட்டையோடு மேடேறுவதும் காற்றில் ஈரம் கூடியதைக் காட்டும். சில மணி நேரத்துக்கு உதவும். நாளை மறுநாளுக்கு உதவாது.

உப்பளத்துக்கும் கடலுக்கும் தனியாகக் கவனிக்க வேண்டியது?

வேதாரண்யத்தில் ஒரு நல்ல மழை விழுந்தாலே பாத்தியில் செறிந்த உப்புநீர் நீர்த்துவிடும், மறுபடி செறிய வெயில் நாட்கள் வேண்டும். அதனால் புரட்டாசி பிறந்தால் வாரிய உப்பைக் களத்தில் வைக்காமல் மேட்டில் அம்பாரம் கட்டி மூடிவிடுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் காற்றின் வேகத்தைப் பாருங்கள், மழையை அல்ல. மன்னார் வளைகுடா, குமரிக்கடலுக்கு மேலைக்காற்று எச்சரிக்கை வந்தால் கோடியக்கரைக்குத் தெற்கே இறங்க வேண்டாம். நாகை, காரைக்கால் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் தொலைவில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது என்று பொருள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று எப்போது எடுத்துக்கொள்வது?

வழக்கமான தேதி அக்டோபர் 20 வாக்கில். தென்மேற்குப் பருவம் விலகி, கீழைக்காற்று நிலைத்து, கரையோரம் பரவலாக மழை பெய்யத் தொடங்கினால்தான் அறிவிப்பார்கள். உங்கள் ஊரிலேயே அடையாளம் தெரியும். மாலை மழை ஓய்ந்து, பின்னிரவிலும் விடியற்காலையிலும் கடல் பக்கத்திலிருந்து மழை வரும். நாகையில் அதிகமும் தஞ்சையில் குறைவுமாக இருக்கும். இடி குறையும், பெய்யும் நேரம் நீளும். 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. பெய்தது அந்த வகை மழை. அன்று முதல் ரேடாரில் திருச்சிப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு, காரைக்காலுக்குக் கிழக்கே கடலைப் பாருங்கள். மூன்று மணிக் கணக்கும் இனிச் செல்லாது.